முத்திரிக் கிணறு தந்த அய்யா

அய்யா உண்டு.



அய்யாவின் சரிதம் நமக்குப் புதிதல்ல. ஏடு வாசிப்பில் வருஷந்தோறும் கேட்கிறோம். மாசி இருபதாம் நாள் காவி உடுத்திக் கொடி பிடித்துச் சாமித்தோப்புக்கு நடக்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போகிறோம். அந்தச் சரிதத்தில் தண்ணீர் வரும் இடங்களை மட்டும் தனியே எடுத்து இந்தச் சிறு புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. தாங்கலில் தண்ணீர் இறைத்துத் தொட்டி கழுவுகிற பணிவிடைக்காரன். எழுத வேண்டி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தண்ணீருக்கும் தீட்டு இருந்த காலம்

1809ஆம் ஆண்டு, இன்று நாம் சாமித்தோப்பு என்று அழைக்கும் பூவண்டன்தோப்பில், பொன்னுமாடனுக்கும் வெயிலாளுக்கும் மகனாக அய்யா அவதரித்தார். பெற்றோர் அவருக்கு முடிசூடும் பெருமாள் என்று பேர் வைத்தார்கள். ஏழைச் சாணார் குடியில் பிறந்த பிள்ளைக்கு முடியும் பெருமாளும் சேர்ந்த பேரா என்று மேல்சாதியார் கோபப்பட்டார்கள். பேரை முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு பேரைக்கூடத் தன் பிள்ளைக்கு இஷ்டப்படி வைக்க முடியாத காலம் அது.

அன்றைய திருவிதாங்கூரில் நம் முன்னோர் பட்ட பாடு கொஞ்சமல்ல. தலைவரி கட்ட வேண்டும், கூலியில்லாத ஊழியம் செய்ய வேண்டும், பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. இத்தனை பேர் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று சாதிக்குச் சாதி தூரம் வைத்திருந்தார்கள். இவை எல்லாவற்றிலும் தினமும் வருத்திய கொடுமை தண்ணீர்தான். வரி வருஷத்துக்குச் சில முறை வரும். தாகமோ பொழுது விடிந்ததும் வரும். ஊர்ப் பொதுக் கிணற்றில் ஒடுக்கப்பட்டவர் வாளி விட்டால் தண்ணீர் தீட்டாகிவிடும் என்றார்கள்.

அப்படியானால் அந்த மக்கள் எதைக் குடித்தார்கள்? தாழ்ந்த இடத்தில் மண்ணைத் தோண்டினால் ஊறும் ஊற்றுத் தண்ணீர், மாடு இறங்கும் குளத்துத் தண்ணீர், மழைக்காலத்துக் குட்டைத் தண்ணீர். கடலும் காயலும் உப்பளமும் சூழ்ந்த அந்தக் கரையில் நல்ல தண்ணீர் எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைக்கும் இடம் பிறர் வசம் இருந்தது. இன்னொருவர் கிணற்றங்கரையில் தள்ளி நின்று, அவர் மனமிரங்கி ஊற்றினால் கையேந்திக் குடிக்க வேண்டும். வாந்திபேதி வந்தால் தெருத் தெருவாகச் சாவு விழும். அதைப் பேயின் கோபம் என்று எண்ணி ஆடும் கோழியும் பலி கொடுத்தார்கள். குடித்த தண்ணீரை யாரும் சந்தேகப்படவில்லை.

இந்த மக்கள் நடுவில்தான் முத்துக்குட்டி வளர்ந்தார். பனையேறிப் பிழைத்தார், வயலில் வேலை செய்தார். திருமாலம்மாளோடு இல்லறம் நடத்தினார்.

கடலில் கிடைத்த பிறவி

இருபத்து நாலு வயதில் கடுமையான நோய் அவரைப் பிடித்தது. எழுந்து நடக்க முடியாமல் படுக்கையில் கிடந்தார். கொல்லம் ஆண்டு 1008 மாசி மாதம், அதாவது 1833இல், தாயும் உறவினரும் அவரைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு திருச்செந்தூருக்குப் போனார்கள். அங்கே அவர் கடலுக்குள் இறங்கி மறைந்தார். மகன் போய்விட்டான் என்று கரையில் நின்று தாய் அழுதாள். மூன்றாம் நாள், மாசி இருபதாம் தேதி, கடலிலிருந்து அய்யா வைகுண்டராக எழுந்து வந்தார். நாராயணர் பிள்ளையாக வந்த அந்த நாளைத்தான் நாம் அவதார தினமாகக் கொண்டாடுகிறோம்.

நம் வழியின் தொடக்கமே தண்ணீரில்தான் என்பதை மறக்கக் கூடாது.

பாலில் நஞ்சு, தண்ணீரில் மருந்து

பூவண்டன்தோப்புக்குத் திரும்பிய அய்யா ஆறு வருஷம் தவம் இருந்தார். முதல் இரண்டு வருஷம் ஆறடிக் குழிக்குள், அடுத்த இரண்டு வருஷம் தரையில், கடைசி இரண்டு வருஷம் உயர்ந்த பீடத்தில். ஒன்று வரப்போகும் யுகத்துக்கும், ஒன்று சாதிக்கும், ஒன்று பெண்ணுக்கும் என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள்.

தவத்தைக் காணக் கூட்டம் கூடியது. கூடியவர்களில் நோயாளிகள் பலர். வைத்தியனிடம் போகக் காசில்லாதவர்கள், வைத்தியன் தொட மறுத்தவர்கள். அய்யா அவர்களுக்கு மண்ணும் தண்ணீரும் கொடுத்தார். நாமமிட்ட நெற்றியோடும் ஒரு கை தண்ணீரோடும் அவர்கள் தேறிப் போனார்கள். இதற்கு அய்யா காசு வாங்கவில்லை. ஆடு கோழி கேட்கவில்லை. பேய்க்குப் பலி கொடுக்கும் வழக்கத்தையும் காணிக்கை, கைக்கூலி வாங்கும் வழக்கத்தையும் விலக்கச் சொன்னார். ஏழைக்கு எட்டாத மருந்தை ஏழைக்கு எட்டும் மண்ணிலும் தண்ணீரிலும் வைத்தார்.

கூட்டம் கூடியதைப் பொறுக்காதவர்களும் இருந்தார்கள். பாலில் நஞ்சு கலந்து அய்யாவுக்குக் கொடுத்தார்கள். அய்யா அதை அறிந்தே பருகினார். அவருக்கு ஒன்றும் நேரவில்லை. இந்தக் கதையைக் கேட்கும்போது நாம் அய்யாவின் மகிமையை நினைத்து மகிழ்கிறோம். கூடவே இன்னொன்றையும் நினைக்க வேண்டும். நஞ்சைச் செரிக்கிற வல்லமை அய்யாவுக்கு உண்டு. நம் வீட்டுக் கைக்குழந்தைக்கு இல்லை. குடிக்கக் கொடுக்கும் பாத்திரத்தில் அழுக்கைச் சேர்ப்பது எவ்வளவு பெரிய பாவம் என்பதற்கு அந்தப் பாலே சாட்சி.

சிறையில் கேட்ட உறுதி

அய்யாவைப் பற்றிய கோள் மன்னர் காதுக்குப் போனது. அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் சுவாதித் திருநாள். அய்யாவைக் கட்டி இழுத்துப் போனார்கள். வழியெல்லாம் அடியும் ஏச்சும் பட்டார். சுசீந்திரத்தில் மன்னர் முன்பு நிறுத்தப்பட்டு, பின்பு திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அடைக்கப்பட்டார். நூறு நாளுக்கு மேல் அந்தச் சிறை. சுண்ணாம்புக் காளவாய், மிளகாய்ப் புகை, பசித்த புலி என்று சோதனைகள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாவற்றையும் பொறுமையால் வென்றார்.

கடைசியில் விடுதலை செய்வதாகச் சொன்னார்கள். ஆனால் இனிமேல் சொந்தச் சாதியாரோடு மட்டும் இருப்பேன், மற்றச் சாதிகளைச் சேர்க்க மாட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார்கள். அய்யா அதற்கு இணங்கவில்லை. எல்லாச் சாதியையும் ஓரிடத்தில் கூட்டுவதற்கே வந்தவர், எப்படி இணங்குவார்? கொல்லம் 1014 மாசி 19ஆம் நாள் விடுதலையாகி, மக்கள் சூழப் பதிக்குத் திரும்பினார்.

அந்தச் சிறையில் எழுதிக் கொடுக்க மறுத்ததை, சாமித்தோப்பில் ஒரு கிணற்றால் செய்து காட்டினார்.

முத்திரிக் கிணறு

சாமித்தோப்புப் பதிக்கு அருகில் இருக்கும் முத்திரிக் கிணற்றை நாம் எல்லோரும் அறிவோம். பதிக்குப் போகிறவர்கள் முதலில் அங்கே நீராடி, பதமிட்டு, அந்த ஈரத்தோடு வடக்கு நோக்கி நடக்கிறோமோ தெற்கு நோக்கி நடக்கிறோமோ, மனம் அய்யாவை நோக்கியே நடக்கிறது. திருவிழாவின் எட்டாம் நாள் கலிவேட்டை நடப்பதும் அங்கேதான்.

இன்று அது நமக்குப் புனித நீராட்டு. அன்று அது அதைவிடத் துணிந்த காரியம். பதினெண் சாதி மக்களையும் அந்த ஒரே கிணற்றில் நீர் இறைக்கச் சொன்னார் அய்யா. ஒரே கிணற்றில் குளித்து, அதே தண்ணீரைக் குடித்து, பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து உண்ணச் சொன்னார். முந்தின நாள் வரை ஒருவர் நிழல் மற்றவர் மேல் படக் கூடாது என்றிருந்தவர்கள், ஒரே கயிற்றைப் பிடித்து இறைத்தார்கள். யார் தொட்டதால் தண்ணீர் கெடும் என்று ஊர் சொன்னதோ, அவர் தொட்டுக் கொடுத்த தண்ணீரை மற்றவர் குடித்தார். தண்ணீர் கெடவில்லை, குடித்தவர் யாரும் சாகவில்லை. நூறு பிரசங்கம் செய்ய முடியாததை அந்தக் கிணறு செய்தது.

மனிதன் தொட்டால் தண்ணீர் கெடாது என்பதை முத்திரிக் கிணறு காட்டியது. அப்படியானால் தண்ணீர் எதனால் கெடும்? அதற்கும் அய்யா ஒரு வழி காட்டினார். அதுதான் துவையல் தவசு.

துவைத்து உடுத்தவர்கள்

எழுநூறு குடும்பங்கள் அய்யாவின் சொல்லை ஏற்று வீடு வாசலை விட்டுக் கடற்கரைக்குப் போயின. முதலில் கன்னியாகுமரிக்கு அருகே வாகைப்பதி, பின்பு அதற்கு மேற்கே முட்டப்பதி. மாதக்கணக்கில் அங்கே தவம். ஒரு நாளைக்கு மூன்று வேளை கடலில் குளிக்க வேண்டும். உடுத்திய துணியை அன்றன்று துவைக்க வேண்டும். மாமிசம் கூடாது. பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்து வேகவைத்து ஒரு வேளை உண்ண வேண்டும். குளிக்காமல் துவைக்காமல் அடுப்புப் பக்கம் போகக் கூடாது. ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் இந்த ஒழுங்கில் வாழ்ந்தார்கள்.

மாற்றுத் துணி இல்லாதவர்களை அழுக்கர் என்று சொல்லித் தள்ளி வைத்த காலத்தில், அந்த மக்களே நாட்டில் எவரையும் விடச் சுத்தமானவர்களாக ஆனார்கள். துவையல்காரர் என்ற பேர் அவர்களுக்கு நிலைத்தது. தவசு முடித்தபின் அவர்கள் ஊர் ஊராகப் போய் அய்யாவின் வழியைச் சொன்னார்கள், தாங்கல்கள் எழும்பின.

இது நடந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். வாந்திபேதி தண்ணீரால் பரவுகிறது என்பதை அன்று உலகம் ஒப்புக்கொள்ளவில்லை. அய்யா வைகுண்டம் ஏகிய மூன்று வருஷம் கழித்து, 1854இல்தான் லண்டன் நகரத்தில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், பிராட் தெருவில் இருந்த ஒரே ஒரு அடிகுழாயைச் சுற்றிச் சாவுகள் குவிந்திருப்பதைக் கணக்கெடுத்துக் காட்டினார். குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். அந்தக் குழாய்க் கிணற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு மலக்குழி கசிந்துகொண்டிருந்தது பின்னால் தெரிந்தது. 1884இல் ராபர்ட் காக் என்ற ஜெர்மன் மருத்துவர், கல்கத்தாவில் மக்கள் புழங்கிய குளத்துத் தண்ணீரில் அந்த நோயின் கிருமியைக் கண்டார். கிருமி என்ற சொல்லை அய்யா சொன்னதாக நான் சொல்லவில்லை. குளி, துவை, சுத்தமாகச் சமை, எல்லோருக்கும் ஒரே நல்ல தண்ணீர் கொடு என்றார். அப்படி நடந்தவர்களைக் காப்பாற்ற அதுவே போதும்.

தாங்கலின் தர்மம்

அய்யா தம் சீடர்கள் ஐவர் வழியாகவும் துவையல்காரர் வழியாகவும் வழியை நிலைநிறுத்தினார். பல ஊர்களுக்கும் தாமே போய் நிழல் தாங்கல் அமைத்தார். தாங்கல் என்றால் தாங்குகிற இடம். வழிநடந்து வருகிறவனுக்கு நிழல், பசித்தவனுக்கு அன்னம், தாகித்தவனுக்குத் தண்ணீர். யார், எந்தச் சாதி என்று கேட்காமல் கொடுக்க வேண்டும். கொல்லம் 1026 வைகாசி 21ஆம் நாள், 1851 ஜூன் மாதம், அய்யா வைகுண்டம் ஏகினார். அவருடைய திருமேனி சாமித்தோப்புப் பதியில் அடக்கமானது. நாற்பத்திரண்டு வயதுக்குள் ஒரு நாட்டின் தாகத்தைத் தீர்த்துவிட்டுப் போனார்.

எங்கள் தாங்கல் கிணறு

இனி நான் முதலில் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் எங்கள் ஊர்த் தாங்கலில் ஏடு வாசிப்பு நடந்தது. பத்து நாள் போனபின் பிள்ளைகள் சிலருக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தது. வெயிலுக்கு என்றார்கள், பந்தலில் விற்ற ஐஸ் என்றார்கள். தினமும் இனிமம் வாங்க ஓடி வரும் ஒரு சின்னப் பிள்ளை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக் கிடந்தது.

சுகாதாரப் பணியாளர் வந்து எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் எடுக்கப் போனார். தடுத்தவன் நான்தான். அய்யாவுக்குப் பணிவிடை செய்கிற தண்ணீரைச் சோதிக்க நீங்கள் யார் என்று சத்தம் போட்டேன். அந்தப் பிள்ளையின் பாட்டி அங்கே நின்றிருந்தார். அய்யா கிணறு திறந்தது பிள்ளைகள் குடிக்கத்தானே, குடித்துச் சீக்காக வா என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வழி விட்டேன்.

சோதனையில் மலக்கிருமி இருப்பதாக வந்தது. முந்தின வருஷம், வருகிற மக்களின் வசதிக்காகக் கழிப்பறை கட்டினோம். அதன் குழி கிணற்றிலிருந்து இருபது அடிதான் இருக்கும். எங்கள் பக்கத்து மணல் பூமியில் அது கிணற்றுக்குள் கசிய எத்தனை நாள் ஆகும்? குழிக்கு இடம் காட்டியவனும் நான்தான். பாலில் நஞ்சு கலந்தவர்களை ஏட்டில் கேட்டுப் பல்லைக் கடித்த நான், அறியாமல் அதே காரியத்தைச் செய்திருந்தேன்.

குழியை மூடித் தள்ளிக் கட்டினோம். கிணற்றைச் சேறு வாரி, மருந்திட்டு, மறுபடி சோதித்து நல்லது என்று வந்தபின்தான் குடிக்கக் கொடுத்தோம். அதுவரை எல்லாத் தண்ணீரையும் கொதிக்க வைத்தோம். அந்தப் பிள்ளை இப்போது பெரிய வகுப்பில் படிக்கிறது, அய்யா காப்பாற்றினார்.

தாங்கல் பணிவிடைக்காரர்கள் கவனிக்க

ஒவ்வொரு தாங்கலிலும் கீழ்க்கண்டவற்றைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக் கிணற்றுக்கும் இது பொருந்தும்.

கழிப்பறைக் குழி, சாக்கடை, மாட்டுத் தொழுவம் கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்குக் குறையாமல் தள்ளி இருக்கட்டும். அதற்கு மேல் எவ்வளவு தள்ளினாலும் நல்லது.

கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும், சுற்றிலும் சிமெண்டுத் தளமும், சிந்திய தண்ணீர் ஓடிப்போக வாய்க்காலும் வேண்டும். குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும் திரும்பக் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. வாளியைத் தரையில் வைக்காமல் கொக்கியில் மாட்டுங்கள்.

திருவிழாவுக்கு முன்பும், மழை வெள்ளம் வடிந்த பின்பும் பிளீச்சிங் பவுடர் போடுங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு இரண்டரை கிராம் நல்ல பவுடர் கணக்கு. பத்தடி அகலமுள்ள வட்டக் கிணற்றில் ஆறரை அடி தண்ணீர் நின்றால் சுமார் பதினாலாயிரம் லிட்டர். அதற்கு முப்பத்தைந்து கிராம் போதும். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் விட்டுத்தான் இறைக்க வேண்டும். இராத்திரி போட்டுவிட்டால் காலைப் பணிவிடைக்குத் தயாராக இருக்கும். திறந்து கிடந்த பழைய பவுடருக்கு வீரியம் இருக்காது.

மேல்தொட்டியை மாதம் ஒருமுறையாவது தேய்த்துக் கழுவி மூடி வையுங்கள். குடத்துத் தண்ணீரைக் கை விட்டு மொள்ளாமல் நீண்ட பிடியுள்ள அகப்பையால் மொண்டு கொடுங்கள்.

தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருப்பதால் நல்லது என்று நம்ப வேண்டாம். எங்கள் கிணறும் அன்று பளிங்குபோல்தான் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறையாவது சோதனைக்குக் கொடுங்கள். கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் கொதித்து ஆறிய தண்ணீரே கொடுங்கள்.

மருந்து போட்டால் தண்ணீரின் புனிதம் போய்விடும் என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். கொஞ்சம் மணம் வரும், அரை நாளில் போய்விடும். பதியைப் பெருக்குவதால் பதியின் புனிதம் போகிறதா? பெருக்குவது பணிவிடை என்றால், கிணற்றைச் சுத்தம் செய்வதும் பணிவிடைதான்.

கிணற்றைச் சுற்றி நின்ற சாதித் தீட்டை அய்யா போக்கித் தந்தார். மெய்யான அழுக்கைப் போக்கும் வேலையை நம் கையில் விட்டிருக்கிறார். யார் வந்து கை நீட்டினாலும் பயமில்லாமல் ஊற்றிக் கொடுக்கத்தக்க தண்ணீர் நம் தாங்கல்களில் என்றும் இருக்கட்டும்.

அய்யா உண்டு.